பத்து தாண்டிருச்சா?

வீட்டுக் காய்கறிச் செடிகளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்ற வேண்டும்? 2020ஆம் ஆண்டில் எங்கள் வீட்டில் அதிகமாகப் பேசப்பட்ட கேள்வி இதுதான். அந்த ஆண்டில் பேசுவதற்கு வேறு எவ்வளவோ இருந்தது என்பது உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் சாப்பாட்டு மேசையில் அப்பாவும் அம்மாவும் குரலை உயர்த்திப் பேசியது இதைப் பற்றித்தான்.

மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வருவதற்கு முதல் நாள், ஒரு வாரத்துக்கான துணிமணியோடு விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். அப்போது நான் கணக்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் வீடு கிள்ளானுக்கு வெளியே ஒரு தாமானில் இருக்கிறது. வரிசையில் மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் பன்னிரண்டு அடி அகலத்துக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. கத்தரி, மிளகாய், வெண்டை, பயற்றங்காய், கீரை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை மரம் எல்லாமே பாட்டி வைத்தவை. பாட்டி என்றால் அப்பாவின் அம்மா. எங்கள் வீட்டில் ‘தோட்டம்’ என்றால் அது எஸ்டேட்தான். வீட்டுப் பக்கத்தில் இருப்பதைப் பாட்டி ‘கொல்லை’ என்பார். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பாட்டி பிறந்தது, மணம் முடித்தது, நான்கு பிள்ளை பெற்றது எல்லாம் தோட்டத்தில்தான். முதலில் பால்மரம் வெட்டினார். ரப்பரை அழித்துவிட்டுச் செம்பனை போட்டபோது நாற்றங்காலுக்கு மாற்றினார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் வரிசையாக நிற்கும் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் களை பிடுங்குவதுமே வேலை. செம்பனைக் கன்று ஏறக்குறைய ஓராண்டு பையிலேயே வளரும். அத்தனை நாளும் அதற்குத் தண்ணீர் தவறக்கூடாது. 1996இல் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். லயத்தைக் காலி செய்தபோது பாட்டி கையோடு கொண்டுவந்தது ஒரு கறிவேப்பிலைக் கன்று. இன்று எங்கள் வீட்டு மதிலைத் தாண்டி நிற்பது அதுதான்.

நான் வந்த மூன்றாம் நாளே கொல்லையில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. குழாய்க்குப் பக்கத்துப் பாத்தியில் கத்தரிச் செடிகள் நண்பகலில் தலை தொங்கிக் கிடந்தன. வெயிலுக்கு வாடுகிறது என்று நினைத்து நானும் ஒரு வாளி ஊற்றினேன். மறுநாள் இன்னும் வாடியது. இன்னும் ஒரு வாளி. அம்மாவும் தன் பங்குக்கு ஊற்றியிருக்கிறார். அதே கொல்லையின் கடைசியில் வெண்டைச் செடிகள் மண் வெடித்துக் காய்ந்து கிடந்தன. இருபது அடி நீளமுள்ள இடத்தில் ஒரு முனையில் வெள்ளம், மறுமுனையில் வறட்சி.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. சன்னலோரம் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். காலை ஏழரைக்குப் பாட்டி பூவாளியோடு வந்தார். குழாயைத் திறந்து நிரப்பி, முதல் பாத்திக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனார். எட்டேகாலுக்கு மறுபடியும் வந்தார். அதே பூவாளி, அதே பாத்தி. ஒன்பது மணிக்கும் வந்தார். நான் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். மாலை வரைக்கும் பதினொரு கோடு. ஒவ்வொரு முறையும் அவருக்கு அது அன்றைய முதல் தண்ணீர். குழாயிலிருந்து தொடங்குவார். கொல்லையின் கடைசி வரைக்கும் போவதற்குள் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடுவார்.

பழக்கதோஷத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூவாளி ஐந்து லிட்டர். பதினொரு முறைக்கு ஐம்பத்தைந்து லிட்டர். முதல் பாத்தி இரண்டு சதுர மீட்டர்கூட வராது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் என்பது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். அப்படியானால் அந்தப் பாத்தியில் மட்டும் தினமும் இருபத்தேழு மில்லிமீட்டர் மழை பெய்துகொண்டிருந்தது. நம் நாட்டு வெயிலில் நன்றாக வளர்ந்த காய்கறிப் பாத்தி ஒரு நாளைக்குக் குடிப்பது நான்கைந்து மில்லிமீட்டர். மீதியெல்லாம் எங்கே போகும்? தாமான் கட்டும்போது கொட்டி, இயந்திரத்தால் அமுக்கிய செம்மண் மேலே. அதற்கும் கீழே கிள்ளான் கடலோரத்தின் சாம்பல் நிறக் களிமண். தண்ணீர் இறங்க வழியே இல்லை. வேருக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. அதனால் தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டு இலை வாடும். நாம் அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஊற்றுவோம்.

எங்கள் கத்தரிக்கு அதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்திருந்தது. விவசாயத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவின் நண்பர் ஒருவரிடம் படம் அனுப்பிக் கேட்டோம். வாடிய செடியின் தண்டைக் குறுக்கே வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுனை நனையும்படி பிடிக்கச் சொன்னார். சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து பால் போன்ற வெள்ளை நூல் இறங்கியது. பாக்டீரியா வாடல் நோயாம். கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாவற்றையும் பிடிக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். மண்ணுக்குள் நெடுங்காலம் தங்கிவிடும் என்பதால் அந்தப் பாத்தியில் இனி இந்த வகைகளை வைக்கக்கூடாது என்றார். ஏழு கத்தரிச் செடிகளையும் பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். பாட்டி பார்த்துக்கொண்டே நின்றார். “யாரு இப்படித் தண்ணிய ஊத்திக் கொன்னது?” என்று என்னைக் கேட்டார்.

அது மறதி நோய்தான் என்று அரசாங்க மருத்துவர் சொன்னது அதற்குப் பிறகு, ஜூன் மாதத்தில். ஆனால் வீட்டில் எல்லாருக்கும் முன்பே தெரிந்துதான் இருந்தது.

அப்பாவுக்குத் தண்ணீர்க் கட்டணமும் ஒரு கவலை. சிலாங்கூரில் 2008 முதல் வீடுகளுக்கு மாதம் இருபது கன மீட்டர் தண்ணீர் இலவசமாகக் கிடைத்துவந்தது. 2020 மார்ச்சிலிருந்து அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று ஆனது. அப்பா ஒரு நாள் கொல்லைக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாட்டி பூவாளியோடு குழாயடியில் வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து அம்மாவை அழைத்தார். “மண்டோருகிட்டச் சொல்லிடும்மா. பைப்புல தண்ணி வரல. என் மேல தப்பில்ல. அரை நாள் பேருதான் போடுவான்.” சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. கூடத்தில் செய்தித்தாளோடு இருந்த அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் கைப்பிடியை மாட்டிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு பாட்டியை மாற்றுவது என்ற பேச்சை விட்டுவிட்டோம். கொல்லையைத்தான் மாற்றினோம். குழாயடிப் பாத்தியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் முகம் சுளிக்காத செடிகளாகப் பார்த்து வைத்தோம். கங்கோங், சேம்பு, வல்லாரை, பண்டான். இவற்றுக்குக் கால் நனைந்தே இருந்தால்தான் மகிழ்ச்சி. கங்கோங் மூன்றே வாரத்தில் மண் தெரியாமல் படர்ந்தது. நாங்கள் தின்று அலுத்துப்போய் அக்கம்பக்கத்துக்கெல்லாம் வேலி வழியாகக் கொடுத்தோம். வெண்டையையும் பயற்றையும் கடைசியில், ஓர் அடி உயர்த்திய பாத்தியில் வைத்தோம். மண்ணோடு மணலும் கரித்த நெல் உமியும் மக்கிய உரமும் கலந்ததால் தண்ணீர் தேங்கவில்லை. மேலே வெட்டிய புல்லைக் காயவைத்துப் பரப்பினோம். மிளகாய், பழைய மண்ணே படாமல், வீட்டு முன்புறத்தில் தொட்டிக்குப் போனது. தொட்டியின் நியாயம் வேறு. அதற்குள் இருப்பதே கையளவு மண். தரையில் உள்ள செடி இரண்டு மூன்று நாள் தாங்கும் வெயிலைத் தொட்டிச் செடி ஒரு பொழுதுகூடத் தாங்காது. அதற்குத் தினமும் காலையில் ஒரு முறை, நல்ல வெயில் நாளில் மாலையிலும் ஒரு முறை ஊற்றியாக வேண்டும். அது என் பொறுப்பு. அடியில் தட்டு மட்டும் வைக்கவில்லை. ஏடிஸ் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு அபராதமும் கட்ட யாருக்கு ஆசை?

அப்பா கடையில் ஐந்து வெள்ளிக்குக் குழந்தைகள் விளையாடும் ஒரு சின்னப் பூவாளி வாங்கிவந்தார். ஒன்றரை லிட்டர்தான் பிடிக்கும். பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல எப்ப ஊத்தி முடிக்கிறது?” என்று கேட்டார். ஆனாலும் எடுத்துக்கொண்டார்.

ஒரு செடிக்கு மட்டும் எங்களால் வழி பண்ண முடியவில்லை. அது அந்தக் கறிவேப்பிலை. அதன் அடியில் நீர் நிற்கக்கூடாது. பாட்டி மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் அதை மறக்கமாட்டார். குழாயடிக்கு ஊற்றிவிட்டு, மிச்சம் இருப்பதை அதன் தூரில் கவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. பத்தாண்டுகளாகக் கடையில் கறிவேப்பிலை வாங்காத வீடு எங்களுடையது. அதற்காகச் சொல்லவில்லை. தோட்டத்திலிருந்து மிச்சமாக வந்தது அது ஒன்றுதான்.

ஊரடங்கில் பொழுது போகாமல் நான் ஒரு காலிப் பால் டின்னை மதிலோரக் கம்பத்தில் கம்பியால் கட்டி வைத்திருந்தேன். உண்மையில் எவ்வளவு மழை பெய்கிறது என்று பார்க்க ஆசை. நேர்ச் சுவருள்ள எந்த டின்னானாலும் போதும். தினமும் காலையில் பள்ளிக்கூட அளவுகோலை விட்டு ஆழத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதில் எனக்குத் தெரியவந்தது, நம் காது மழையை அளக்காது என்பதுதான். தகரக் கூரையில் கால் மணி நேரம் ஓவென்று பெய்து, சாலையெல்லாம் ஓடவிட்ட மழை டின்னில் மூன்று மில்லிமீட்டர் காட்டும். விரலை விட்டுப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்குக் கீழே மண் காய்ந்தே இருக்கும். அன்று தண்ணீர் ஊற்றாமல் விட்டால் தப்பு. நாம் தூங்கும்போது சத்தமில்லாமல் பெய்த மழை நாற்பது காட்டும். அதற்குப் பிறகு தரைச் செடிகளுக்கு இரண்டு நாள் ஒன்றும் வேண்டாம்.

ஒரு காலை, இரவு மழைக்குப் பிறகு, பாட்டி பூவாளியோடு வந்தவர் அந்த டின்னைப் பார்த்தார். குனிந்து உற்றுப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, “பத்து தாண்டிருச்சா?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. “பதினெட்டு இருக்கு பாட்டி” என்றேன். பூவாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு முழுவதும் வருவார், டின்னைப் பார்ப்பார், கேட்பார், போய்விடுவார். ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. அப்பாதான் விளக்கினார். செம்பனை நாற்றங்காலில் மழைமானி இருக்குமாம். காலையில் அதில் பத்து மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் அன்றைக்குக் கன்றுக்குத் தண்ணீர் வேண்டாம், பெண்களைக் களை பிடுங்க அனுப்பிவிடுவார்கள். என்ன சமைத்தோம், யார் வந்தார்கள் என்பதெல்லாம் போய்விட்ட மனத்தில் அந்தப் பத்து மட்டும் அப்படியே நின்றிருக்கிறது.

இதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காலையில் பாட்டி முதல் முறை ஊற்றட்டும் என்று விடுவேன். அவர் உள்ளே போனதும் குழாய்த் தண்ணீரை டின்னில் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு ஊற்றி வைப்பேன். அடுத்த முறை வரும்போது கேட்பார். “தாண்டிருச்சு பாட்டி” என்பேன். திரும்பிவிடுவார். மாலையில் டின்னைக் கவிழ்ப்பேன். நோட்டில் உண்மை மழைக்கு ஒரு பத்தி, ஊற்றிய மழைக்கு ஒரு பத்தி. இரட்டைப் பதிவு முறையை நான் முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது இப்படித்தான். கறிவேப்பிலை இரண்டு மாதத்தில் துளிர்விட்டது. அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. “வயசானவங்களை ஏமாத்தறோம்” என்றார். “பைப்பைப் பூட்டி அழ வெச்சதைவிட இது மேல்” என்றேன். “மேல்தான். அதுக்காகச் சரின்னு ஆயிடாது” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

செப்டம்பர் 3ஆம் தேதி ஆற்று நீர் மாசுபட்டு, சுத்திகரிப்பு ஆலைகளை மூடினார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழாய்க் கணக்குகளில் தண்ணீர் நின்றது. உங்களில் பலர் வாளியோடு லாரிக்குக் காத்திருந்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அரிசி கழுவிய தண்ணீர்கூடத் தொட்டி மிளகாய்க்கு என்று ஒதுக்கப்பட்டது. அது கொடுத்தும் இரண்டு செடி போனது. தரையில் இருந்த வெண்டையும் பயறும், புல் போர்த்திய மண்ணில், நான்கு நாளும் அசையாமல் நின்றன. நாங்கள் தினமும் ஊற்றிக்கொண்டிருந்தது அவற்றுக்கு வேண்டியே இருக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

தண்ணீர் திரும்ப வந்த பிறகு ஒரு நாள். நல்ல வெயில். நான் வழக்கம்போல் டின்னில் ஊற்றிவிட்டு நின்றேன். பாட்டி வந்தார். டின்னைப் பார்த்தார். ஆனால் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த சேம்பு இலையைப் பார்த்தார். மழை பெய்தால் சேம்பு இலைக் குழியில் தண்ணீர் முத்து உருண்டுகொண்டிருக்கும். அது காய்ந்திருந்தது. உட்கார்ந்து கறிவேப்பிலைத் தூரில் சுட்டுவிரலை இரண்டு கணு வரை நுழைத்தார். எடுத்து, கட்டைவிரலோடு உரசிப் பார்த்தார்.

“டின்னுல மட்டும் மழை பேஞ்சிருக்கா, பாப்பா?”

எனக்கு முகம் எரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாட்டி சிரிக்கத் தொடங்கிவிட்டார். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பு.

“நாங்க நாலு பேரு. தீவாளிக்கு மொத நாளு. வீட்டுல பலகாரம் சுடணும், மண்டோரு விடமாட்டேங்கிறான். விடியறதுக்கு முன்னாடியே போயி மழைக் கிளாசுல தண்ணிய ஊத்தி வெச்சிட்டோம். வந்தான், பார்த்தான், பதினஞ்சுன்னு எழுதிக்கிட்டான். வானத்த நிமிந்தே பார்க்கல பாவி.”

“கன்னுங்க செத்துப்போகலையா பாட்டி?”

“ஒரு நாளுலயா? மண்ணுல ஈரம் இருந்துச்சே. நான் தொட்டுப் பார்த்துட்டுத்தான் ஊத்துனேன்.”

கூட இருந்த மூவரின் பெயரையும் சொன்னார். அவர்கள் சுட்ட பலகாரம் என்ன என்றுகூடச் சொன்னார். அந்தக் கதையை அப்பாவும் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்கு மாலையே பாட்டிக்கு அது மறந்துவிட்டது. 2022இல் அவர் காலமாகும் வரை மறுபடி சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை டின்னில் நான் கை வைக்கவில்லை. ஏழரைக்கு ஊற்றிவிட்டுப் போன பாட்டி, எட்டேகாலுக்குச் சின்னப் பூவாளியோடு வந்து நின்றார்.

“பத்து தாண்டிருச்சா?”

“இல்ல பாட்டி. மழையே பெய்யல. மண்ணைத் தொட்டுப் பாருங்க” என்றேன்.

உட்கார்ந்து விரலை விட்டார்.